பெயர்களில்லாத கலைவிழா

என் மாமாவைக் கெடுத்தது ஒரு பல்வைத்தியர்தான் என்று அம்மா இன்றும் சொல்வார். அந்தப் பல்வைத்தியர் செத்து எத்தனையோ காலம். பெர்லினில் பல் பிடுங்கிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சுவரொட்டி சேர்த்தவர். அது போதாமல் சுவரொட்டிகளுக்கென்றே ஓர் இதழும் நடத்தியவர். முதலாம் உலகப் போருக்கு முன் தொடங்கிய அந்த இதழின் சில பிரதிகள், சுவிட்சர்லாந்தில், ஓல்டன் நகரத்தின் ஒரு பழைய சாமான் கடையில் மாமாவிடம் அகப்பட்டன.

மாமா களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறவர். எங்கள் தமிழ்ப் பள்ளிக் கலைவிழாவுக்கு ஆண்டுதோறும் சுவரொட்டி செய்வதும் அவர்தான். ஜெர்மன் அகராதியோடு இருந்து இதழை எழுத்துக்கூட்டி வாசித்தார். சில பக்கங்களில் உண்மையான சிறு சுவரொட்டிகளையே ஒட்டியிருந்தார்கள்.

“பாத்தியே பிள்ளை, ஒரு படம், ஒரு சொல்லு. தெருவில போறவன் நிண்டுடுவான்.”

அந்த உலகப் போர் நடந்தபோதும் இதழ் வந்ததாம். பல்வைத்தியர் சேர்த்ததையெல்லாம் பின்னாளில் நாஜி அரசு பறித்துக்கொண்டது என்று அறிந்த அன்று மாமா சாப்பிடவில்லை.

அந்த ஆண்டுச் சுவரொட்டியில் கறுப்பின் மேல் ஒரு மஞ்சள் சலங்கை, ‘கலைவிழா’ என்ற சொல், ஓரத்தில் நாளும் மண்டபமும். அதைவிட அழகான சுவரொட்டியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அன்றைக்கோ அழுது தீர்த்தேன். முதன்முதலாக மேடையில் ஆடப்போகிற என் முகம் அதில் வரும் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன்.

விழாக் குழுத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். “தம்பி, சமைக்கிற ஆக்கள், கதிரை மேசை அடுக்கிற ஆக்கள், ஒருத்தற்ற பேரும் இல்லையே?”

“அண்ணை, இது விழாவைச் சொல்லுது.”

“அப்ப எங்கட சனத்தை ஆர் சொல்லுறது?”

அன்றிரவே மாமா இன்னொரு சுவரொட்டி செய்ய உட்கார்ந்தார்.

அந்த இரண்டாவது சுவரொட்டியில் எல்லோரும் பெயரோடு இருந்தோம். என் முகம் தபால் முத்திரை அளவில் இருந்தது. விழாவன்று மண்டப வாசலில் அதன் முன் ஒரே கூட்டம். முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா தன் பெயரில் விரலை வைத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். “இஞ்ச பாருங்கோ, அம்மான்ர பேர்!” ரயில் பெட்டி கழுவுகிற ஒருவர் தன் பெயரைப் படமெடுத்து ஊருக்கு அனுப்பினார்.

மாமா ஒரு தூணருகே நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. சலங்கை தோற்றுப்போன கவலை என்று நினைத்து, நான் போய் அவர் கையைப் பிடித்தேன்.

“அடுத்தமுறை ஒருத்தற்ற பேரும் போடாதேங்கோ மாமா.”

அவர் சிரித்தார். ஏன் சிரிக்கிறார் என்று கேட்க எனக்கு அன்று தோன்றவில்லை.