சிவக்காத கீரை

போன வாரம் மதுரையில் ஒரு கல்யாண விருந்து. வெள்ளரித் துண்டுகளுக்கு நடுவே நாலைந்து சிவப்பு இலைகள் கிடந்தன. வெள்ளை நரம்பு, கருஞ்சிவப்பு உடம்பு. ஒன்றை மென்றதும் கசப்பு அடிநாக்கைப் பிடித்தது. என் மனைவி ஜெயராணி என் தட்டைப் பார்த்துவிட்டு, பாதிச் சாப்பாட்டில் கை கழுவப் போய்விட்டாள். ரேடிச்சியோ என்கிற இத்தாலிச் சிக்கரி அது. நாம் வேரை வறுத்துக் காப்பியில் கலக்கிறோமே, அந்தச் சாதிதான். எங்கள் வீட்டில் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை.

சிவகாசியில் அச்சகத்தில் சேர்ந்த புதிதில், விதைப் பாக்கெட்டுகளின் நிறம் சரிபார்ப்பது என் வேலை. அதனால் உலகத்துக் கீரையெல்லாம் எனக்கு அத்துப்படி என்று ஜெயராணியின் தம்பி அந்தோணி நம்பினான். நானும் மறுக்கவில்லை, மச்சினன் மதிப்பது எல்லாருக்கும் வாய்க்குமா, சொல்லுங்கள்.

சிவகாசிக்குப் பக்கத்தில் எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலப்பவன் அந்தோணி. அவன் அக்காவோ தீக்காய வார்டு நர்ஸ். இருவரும் சந்தித்தாலே சண்டை. அவனுடைய கூட்டாளி ஒருவன் கொடைக்கானல் ஓட்டலில் சமையல்காரன். ரேடிச்சியோவோடு லெட்டூஸ், அருகுலா என்று வேறு சாலட் கீரை விதைகளும் கொடுத்து, ரேடிச்சியோ இலை சிவந்து வந்தால் வாராவாரம் எடுத்துக்கொள்கிறேன் என்றான். அது மட்டும் நடந்தால் தீபாவளி சீசனுக்கு முன்பே வேலையை விட்டுவிடுவதாக அந்தோணி சத்தியம் செய்தான். ஜெயராணி தம்பியின் உயிரையே எங்கள் மொட்டைமாடித் தொட்டிகளில் ஊன்றி வைத்தாள்.

முளைத்ததும் என் சாயம் வெளுத்தது. அந்தச் சமையல்காரப் பாவி எல்லா விதையையும் ஒரே பொட்டலமாகக் கொடுத்திருந்தான். கிள்ளி முகர்ந்தால் கடுகுக் காரம் அடித்தது அருகுலா, அதுவரை சரி. ஒடித்தால் பால் வடிவது சிக்கரி என்றேன். லெட்டூஸிலும் பால் வடிந்தது. கசப்பதுதான் சிக்கரி என்று மாற்றினேன். எங்கள் வெயிலில் லெட்டூஸும் கசந்தது. அச்சில் பார்த்த கீரையை மண்ணில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆடி பிறந்தும் ஒரு இலைகூடச் சிவக்கவில்லை. குளிர் பட்டால்தான் சிவக்குமாம். சமையல்காரன் அதைப் பிறகுதான் சொன்னான். அதற்குள் அந்தோணி தனக்குத் தெரிந்த வழியில் இறங்கிவிட்டான். இரண்டு மூன்று நாளில் இலைகளெல்லாம் ஓரம் கருகிச் சாய்ந்தன. மண்ணில் ஏதோ வெள்ளையாகப் பூத்திருந்தது.

"என்னலே போட்டே?" என்றாள் ஜெயராணி.

"மத்தாப்பு செவப்பா எரியப் போடுற உப்புக்கா. நெருப்பே செவக்குது, கீரை செவக்காதா?"

அவள் அறைந்ததில் அவன் உதடு கிழிந்தது. அவன் ஒரு தொட்டியை உதைத்தான். அவள் மிச்சத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். விலக்கப் போன எனக்கும் கன்னத்தில் ஒன்று விழுந்தது. யார் கை என்று இன்றுவரை தெரியாது.

"திங்கிற எலையில வெடி உப்பப் போட்டிருக்க. நாளைக்கு ஒன்னையும் நான்தானலே கட்டுக்கட்டிக் கெடத்தணும்?"

"இந்த ஒரு சீசன் மட்டும்க்கா. ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு. மார்கழிப் பனிக்கு மறுபடி வெதப்போம்." ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

சீசன் மும்முரத்தில் ஒரு திங்கட்கிழமை. அந்தோணியின் கம்பெனியில் சனிக்கிழமை கலந்து மிஞ்சிய மருந்தை அழிக்காமல் வைத்திருந்திருக்கிறார்கள். ஈரம் ஏறினால் அது தானே வெடிக்கும் என்று தெரிந்தே வைத்தார்கள். கொலைகாரப் பாவிகள்.

வெடிச் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் முதலில் மாடிக்குத்தான் ஓடுவார்கள். புகை எந்தப் பக்கம் என்று பார்த்து, அங்கே வேலை செய்யும் தம் ஆளுக்குப் போன் போடுவார்கள். எடுத்துவிட்டால் சாவு வேறு வீட்டுக்கு. அன்றைக்கு எல்லா மாடியிலும் ஆட்கள், எல்லார் காதிலும் போன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். தப்பி வந்தவர்கள் அவரவர் போனைத் தேடி எடுத்தார்கள். அந்தோணியின் போன் பெட்டியிலேயே அடித்துக்கொண்டிருந்தது. தூரத்தில் மிதந்த புகையைப் பார்த்தபடி ஜெயராணி திரும்பத் திரும்ப அழுத்தினாள்.

பிறகு வார்டுக்கு ஓடினாள். வந்தவர்களின் தோலோடு ஒட்டிய துணியை வெட்டி எடுத்தபடியே, "அந்தோணியப் பாத்தீகளா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டிருக்கிறாள். மத்தியானம் அவனைப் போர்வையில் முடிந்து கொண்டுவந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இன்னும் போகவில்லை.

இப்போது அந்தக் கம்பெனி இருந்த இடம் முழுக்கச் சீமைக்கருவேலம். பட்டாசுப் பெட்டிக்கு அட்டை அடிக்கிற அந்த அச்சகத்தை நான் விட்டுவிட்டேன். ஜெயராணி தீக்காய வார்டிலிருந்து பிரசவ வார்டுக்கு மாறிக்கொண்டாள்.

போன மாதமும் ஒரு சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பக்கத்து மாடியெல்லாம் ஆட்கள் ஏறிவிட்டார்கள். நான் பழக்கத்தில் போனைக் கையில் எடுத்துப் படிப்பக்கம் போனேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஜெயராணி தலையை நிமிர்த்தவில்லை.

"யாருக்குப் போடப் போறீக?" என்றாள்.