வெந்தயமும் தங்கச்சியின் டிரையரும்

உர்ரென்று ஒரு சத்தம். என் கடை ஷட்டரைத் தூக்கும் முன்பே பக்கத்துக் கடை டிரையர் ஓடுவது கேட்கும். தங்கச்சி தேவிக்கு ஆள் வந்துவிட்டது. அடுத்த கடைக்குப் போகிற தலையைப் பார்த்தால் நம் தலை அரிக்கும் தொழில் இது.

மலேசியாவில் பத்து பாகாட் என்கிற ஊரில் சுருட்டை முடிக்கென்றே கடை வைத்திருக்கிறேன், யாரிடமும் படிக்காமல். ஃபேக்டரி விட்டு வரும் பெண்களுக்காக இரவு ஏழுக்குத்தான் திறப்பேன். தேவி என்னிடம் தொழில் பழகி, பிறகு ஜோகூர் பாருவில் கோர்ஸ் முடித்துச் சான்றிதழை மாட்டியவள். என் மகள் கவிதாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அவள் தலையை யார் அலங்கரிப்பது என்பதுதான் எனக்குத் தூக்கம் வராத கவலை. சுருட்டை முடியோடு மல்லுக்கட்டுகிறவர்களே, உங்களுக்குப் புரியும்.

வழுவழுப்பு

சுருள் வளைகிற இடத்தில்தான் முடி உடையும், காய்ந்த தலையில் சீப்பு வைக்காதீர்கள், ஈரத்தில் விரலால் சிக்கெடுங்கள் என்பாள் தேவி. நான் இருபது வருஷமாகச் செம்பருத்தி இலையைக் கசக்கித் தடவி அதைத்தானே செய்கிறேன்? என் பழைய வாடிக்கை மாலதியிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன்.

"நீங்க செய்றப்ப வழுவழுன்னு இருந்துச்சுக்கா. ஏன்னு தேவி சொல்லித்தான் தெரிஞ்சுது லா."

ஈர்

மாலதியையும் விட்டுவிடக் கூடாதே என்ற பதற்றம். அடுத்த முறை அவள் வந்தபோது, அரைத்த வெந்தயத்தைத் துணியில் வடிகட்டாமல் அப்பிவிட்டேன். நேர் முடியென்றால் அலசினால் போயிருக்கும். சுருட்டையில் துகள்கள் சுருளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. மறுநாள் ஃபேக்டரியில் தலைக்கு வலை மாட்டும்போது சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். அன்று இரவு தேவி கடைக்குப் போகிற வழியில் மாலதி என் வாசலில் நின்றாள்.

"ஈருன்னு சொல்லி என்னை வெளிய நிக்க வச்சிட்டாங்கக்கா."

மணப்பெண் தலை

இந்தக் கதை கவிதா காதுக்குப் போகாமல் இருக்குமா? தேவி கடையில் சிரித்துப் பேசிவிட்டு, கவிதா தன் நெற்றிச் சுருளைத் தடவிக்கொண்டே என்னிடம் வந்தாள். அந்தச் சுருளை முதன்முதலில் சிக்கெடுத்த கை என்னுடையது. கேட்காமல் இருக்க முடியவில்லை. யாரிடம் அலங்காரம் என்றேன்.

"முடிய சின்னம்மா கட்டட்டும்மா. நீங்க அழுதுக்கிட்டே ஹேர்பின் குத்துவீங்க. கல்யாணத்துக்கு முதல் நாள் வெந்தயம் மட்டும் நீங்கதான் போடணும், வடிகட்டி."

முடிச் சிக்குக்கு ஆயிரம் வைத்தியம் தெரிந்த எனக்குத் தங்கச்சி மேலுள்ள பொறாமைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டே, கல்யாணத்துக்கு முந்தின நாள் ஊறிய வெந்தயத்தை அரைத்து, பழைய மல் துணியில் ஊற்றிப் பிழிய ஆரம்பித்தேன்.