பால் வாங்க வந்தவர்

பெசன்ட் நகர் கடற்கரையில் நடந்த ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில்தான் அந்த அம்மாளைச் சந்தித்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். சுடிதார், இறுக்கிப் போட்ட கொண்டை, இடுப்பில் செருகிய துணிப்பை. நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அவர் எப்போதோ முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

அடுத்து முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுக்கலாமா, ஐந்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்த நேரம் அது. "இவ்ளோ நல்லா ஓடறீங்க, நீங்க முழு மாரத்தானே ஓடலாமே" என்றேன்.

"வீட்ல பால் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேங்க. இந்த வயசுல என்ன ஓட்டம்னு சிரிப்பாங்க. அஞ்சு கிலோமீட்டர்னா பால் பூத்துல கூட்டம்னு சொல்லிக்கலாம். நாப்பத்திரண்டுன்னா, பால் வாங்க மகாபலிபுரமா போனேன்னு கேப்பாங்க."

சிரித்தபடியே பதக்கத்தைக் கழற்றி என் கையில் வைத்தார். "அடுத்த தடவை வாங்கிக்கறேன்." பிறகு பக்கத்து பூத்தில் பாலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, அவ்வளவு வேகமாக ஓடியவர், நிதானமாக நடந்து போனார்.

அதன்பின் நடந்த ஐந்து கிலோமீட்டர் ஓட்டங்களில் எல்லாம் தேடினேன். அவரைக் காணவில்லை. ஒருவேளை வீட்டில் சொல்லிவிட்டு முழு மாரத்தானுக்கே போய்விட்டாரோ என்னவோ. இந்த முறை நான் முழு மாரத்தானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அவருடைய பதக்கத்தையும் எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.