வசுமதி டீச்சரின் கைத்தடி

வெள்ளிக்கிழமை காலை காவலாளி தாஸ் இன்டர்காமில் அழைத்தார். "அம்மா, வசுமதி டீச்சரம்மா ரெண்டாவது மாடிப் படியில விழுந்துகீறாங்க. மூச்சே இல்லம்மா." நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அவர் பையிலிருந்த கத்தரிக்காய்கள் கீழ்த்தளம் வரை உருண்டிருந்தன.

லிஃப்ட் இருக்க ஏன் படியேறினார் என்று, மயிலாப்பூர் பள்ளியில் அவரிடம் வேதியியல் படித்த பெண்கள் தொலைபேசியில் கேட்கிறார்கள். அதே பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள் நான். அடையாறில் அவருக்கு எதிர்வீடு. நானே சொல்வதுதான் முறை.

"எங்கப்பா தபால்காரர், நான் டீச்சர், என் பையன் இன்ஜினியர். என் பேரன் தரையில நடக்கவே மாட்டான், கார்தான்" என்பார் வசுமதி. மதிப்பெண் குறைந்தவளின் தலையில் நங்கென்று குட்டுவார். "படிடி. இல்லன்னா எவனாவது உன்னை வாசல்ல நிக்க வைப்பான்."

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் தலைவராக இருந்தபோது லிஃப்ட் அருகே பலகை மாட்டியவரும் அவர்தான்: 'உணவு கொண்டு வருவோர் படிக்கட்டை மட்டும் பயன்படுத்தவும்.'

பிறகு, ஐம்பது வயதில் அவர் மகன் முரளிக்கு மென்பொருள் வேலை போயிற்று. ஊரின் மறுகோடியில் குடியிருந்தவன், வீட்டிலிருந்தே ஆலோசகராக இருப்பதாக அம்மாவிடம் சொல்லிவந்தான்.

சென்ற கோடையில் ஒரு மதியம். நாங்கள் இருவரும் வெளியே போய்விட்டுத் திரும்பினோம். சங்கப் பொருளாளர் லிஃப்டிலிருந்து ஒருவனைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். "யோவ், போர்டு கண்ணுக்குத் தெரியல? படிக்காத ஜென்மமே!" அவர் விட்ட அறையில் அவன் தலை இரும்புக் கதவில் மோதியது. ஹெல்மெட் கழன்று உருண்டது. உணவுப்பை கவிழ்ந்து தரையெல்லாம் சாம்பார், கிழிந்த உதட்டிலிருந்து சட்டையெல்லாம் ரத்தம். முரளி.

வசுமதி கைத்தடியை இரு கையாலும் ஓங்கிப் பொருளாளரின் மணிக்கட்டில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த அடியில் பலகை சிதறியது. பிறகு திரும்பி, ரத்தம் வழிந்த மகனின் கன்னத்திலேயே அறைந்தார்.

"ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"நீ மாட்டின போர்டும்மா. எப்படிச் சொல்றது?"

அதன்பின் அவர் லிஃப்டில் கால் வைக்கவில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து மூன்று மாடியும் ஏறுவார். "இதயம் தாங்காது, வசுமதி" என்று கடிந்தேன். "எம் பையன் ஏறலையா? நீங்க லிஃப்டுல போங்க மேடம்."

பிளஸ் டூ முடித்த பேரன் கல்லூரிக்குப் போக மறுத்துவிட்டான். "அப்பா படிச்சு என்னத்தக் கண்டார்? எனக்கு பைக் வாங்கிக் குடு பாட்டி, நானும் டெலிவரிக்கே போறேன்" என்றானாம். அதைச் சொல்லும்போது அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "வகுப்புல எந்தக் கேள்விக்கும் நான் முழிச்சதில்ல மேடம். இதுக்குப் பதில் வரல."

முரளி அந்தக் கைத்தடியை என்னிடம் தந்துவிட்டான். நுனியருகே விரிசல் இருக்கிறது. நேற்று அதே இடத்தில், அதே வாசகத்தோடு, சங்கத்தார் புதிய பலகை மாட்டியிருக்கிறார்கள். இன்று மாலை நடைக்குத் தடியோடு இறங்கினேன். நடக்க எனக்குத் தடி தேவையில்லை என்பது பொருளாளருக்குத் தெரியும்.