இழுக்கிற குதிரை, இறுகின கை

என் வீட்டுக்காரர் ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டினார். பழைய குதிரை வயிற்றுவலியில் செத்த பிறகு, கிண்டி ரேஸில் கழித்துவிட்ட ஒரு சிவப்புப் பெண்குதிரையை வாங்கி வந்தார். என் கம்மல் அதில் போனது. இதுவும் சரிப்படாவிட்டால் ஹார்பரில் மூட்டை தூக்கத்தான் போகவேண்டும். அதற்கான முதுகு அவருக்கு இல்லை. இது இருவருக்கும் தெரியும், அதனால் பேசிக்கொள்ளவில்லை.

வந்த நாளிலிருந்தே குதிரை லகானை இழுத்தது. தலையை முன்னே நீட்டி, கடிவாளத்தின் மேல் முழுப் பாரத்தையும் போட்டுக்கொண்டு ஓடும். இவர் பின்னால் சாய்ந்து இழுக்க இழுக்க இன்னும் வேகமாக ஓடும். சவாரி ஏறியவர்கள் பாதி வழியிலேயே இறக்கிவிடச் சொன்னார்கள். ஸ்டாண்டில் ஆளுக்கொரு யோசனை. முள் வைத்த கடிவாளம் போடு என்றார்கள், போட்டார். தீனியைக் குறை என்றார்கள், குறைத்தார். வாய் ஓரம் கிழிந்து ரத்தம் வந்ததுதான் மிச்சம். எனக்கு வந்த கோபத்தில் அன்று ராத்திரி அவருக்கும் தீனியைக் குறைத்தேன்.

காலையில் அதைக் காசிமேட்டுக் கரைக்குக் கூட்டிப்போய்க் கடலில் கால் நனைத்து வருவது என் வேலை. என் கையில் இருப்பது வெறும் கயிறு. தளரவிட்டால் ஆட்டுக்குட்டி மாதிரி பின்னால் வரும். ஒருநாள் மீன்கூடைக்காரிகள் குறுக்கே வந்தார்கள் என்று கயிற்றைச் சுருட்டிப் பிடித்தேன். உடனே கழுத்தை நீட்டிப் பாய்ந்தது. பயத்தில் கயிற்றை விட்டுவிட்டேன், நின்றுவிட்டது. மறுநாள் வேண்டுமென்றே இழுத்துப் பார்த்தேன், விட்டுப் பார்த்தேன். அதேதான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரேஸில் மேலே உட்கார்ந்தவன் லகானை இறுக்கினால் ஓடவேண்டும் என்று பழக்கியிருக்கிறார்கள். அடங்காத குதிரை என்று நாங்கள் திட்டியது சொன்னபடி கேட்கிற குதிரையை. நிற்கச் சொல்வதாக நினைத்துக்கொண்டு நாங்கள்தான் அதை ஓட ஓட விரட்டியிருக்கிறோம்.

"யோவ், நீ இழுக்கறதாலதான்யா அது ஓடுது. வுட்டுப் புடி. நிக்கணும்னா ஒரு இழு இழுத்துட்டு ஒடனே வுடு."

"வுட்டா வண்டி இன்னா ஆவும்? உனுக்கு இன்னாமே தெரியும்?"

எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பு, ரயில்வே கேட் பக்கத்தில் அவருடைய அண்ணன் கையிலிருந்து லகான் நழுவி, குதிரை மிரண்டு, வண்டி கவிழ்ந்தது. அண்ணன் சக்கரத்தடியில் சிக்கிச் செத்துப்போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இவர். அன்று முதல் இவர் லகானைத் தளரவிட்டதே இல்லை. அது தெரிந்தும் நான் நச்சரித்தேன். சவாரியே இல்லாத வீட்டில் வேறு என்ன செய்ய? கடைசியில் இணங்கினார்.

முள் கடிவாளத்தைக் கழற்றினோம். விடியற்காலையில் காலி வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து "வுடு, வுடு" என்று சொல்லிக்கொண்டே வருவேன். சில வாரங்களில் குதிரை தலையைத் தாழ்த்தி நடந்தது. இழுத்து விட்டால் நிற்கவும் பழகியது. மனுஷனைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டது என்று கேலி செய்தேன், அவரும் சிரித்தார். ஸ்டாண்டில் மறுபடியும் அவர் வண்டியில் ஆட்கள் ஏறினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் கோயிலுக்கு நாங்கள் இருவர் மட்டும் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். தண்டையார்பேட்டை தாண்டும்போது பின்னால் ஒரு லாரி ஒட்டி வந்து ஹாரன் அடித்தது. குதிரை காதைத் திருப்பியது, அவ்வளவுதான். அது மிரளவில்லை என்று எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் செய்வேன். மிரண்டது அவர். லகானைச் சுருட்டி மார்போடு சேர்த்து இழுத்தார். குதிரை பாய்ந்தது.

"வுடுய்யா" என்று கத்தினேன். விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. "வுடறேன், வுடறேன்" என்றுதான் அவர் வாய் சொன்னது. கை விடவில்லை. தெருமுனையில் மரக்கட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று குறுக்கே வந்தது. நீட்டிக்கொண்டிருந்த கட்டை குதிரையின் மார்பில் இறங்கியது.

எங்களுக்குச் சிராய்ப்புதான். கூட்டம் கூடி, பார்த்து, கலைந்தது. குதிரை மூச்சு விட்டுக்கொண்டிருந்தவரை அவர் அதன் கழுத்தைத் தடவினார். நின்ற பிறகும் தடவினார். எனக்கு அழுகைகூட வரவில்லை. ஏன் இழுக்கிறது என்று கண்டுபிடித்தோம், அதைத் திருத்தியும்விட்டோம், அப்புறமும் இப்படிக் கிடக்கிறதே என்று வயிறு எரிந்தது. காரணம் தெரிந்தால் எதையும் சரிசெய்துவிடலாம் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

"அது கத்துக்கிச்சு" என்றார், என்னைப் பார்க்காமல். "இன்னும் கொஞ்ச நாளு இருந்திருந்தா எனுக்கும் வந்திருக்கும், இல்லமே?"

வந்திருக்காது. இன்னொரு குதிரையும் இன்னும் பத்து வருஷமும் கொடுத்தாலும் வந்திருக்காது. அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தவள் நான்.

"வந்திருக்கும்யா" என்றேன்.