மதிலுக்கு வெளியே மனுவேல் கேட்ட இடம்

சென்ற மாதம் ஒரு காலை, பள்ளியில் முதல் பீரியட் நடந்துகொண்டிருந்தபோது போதகர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "மனுவேல் போயிட்டாருங்க சார். கொஞ்சம் முன்னால வாழவந்தியிலிருந்து ஆள் வந்துச்சு. அவரு சம்சாரத்துக்குப் பக்கத்துல இடம் இருக்குதில்லீங்க, குழி வெட்டச் சொல்லிட்டேன்" என்றார். நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு அவரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அரையடி வெட்டியிருந்த குழியை மூடச் சொன்னேன். சபைச் செயலாளர் என்ற முறையில் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று அன்றைக்கே பலர் கேட்டீர்கள். அப்போது மனுவேல் எனக்கு எழுதிய பழைய கடிதம் ஒன்றைப் படித்துக் காட்டி, இரண்டொரு வார்த்தைதான் சொன்னேன். மீதியைச் சபையாராகிய உங்களுக்கு இப்போது எழுதுகிறேன்.

மனுவேல் வாழவந்தி காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். கூலியாட்களின் பேரேட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நான் மிஷன் பள்ளியில் வேதபாட ஆசிரியர். இறையியல் சான்றிதழ் வாங்கியவன். போதகர் வராத ஞாயிறுகளில் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பிரசங்கம் செய்யச் சொன்னார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. என்னையும் அவரையும் ஒரே பட்டியலில் எழுதியதே எனக்கு உறுத்தியது.

ஒரு ஞாயிறு நான் கடவுளின் பரிசுத்தம் பற்றிப் பேசினேன். மூன்று நாள் தயாரித்தது. பரிசுத்தம் என்றால் பிரித்து வைக்கப்பட்டது, மனிதக் கை படாதது, பாவம் கிட்ட நெருங்க முடியாதது என்று ஐம்பது நிமிடம் விளக்கினேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். நன்றாக இருந்தது என்று கைகுலுக்கினார்கள்.

அடுத்த ஞாயிறு மனுவேலின் முறை. அவருக்கும் அதே பொருள்தான். வேதபகுதியை வாசித்தார். "பரிசுத்தம்" என்று ஆரம்பித்தார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, "எனக்கு இதப் பத்திப் பேச வரலீங்க. அவருக்கு முன்னால நின்னா நான் சொன்ன பொய்யெல்லாம் ஒண்ணு விடாம ஞாபகத்துக்கு வருதுங்க. ஆனா போடான்னு மட்டும் சொல்ல மாட்டேங்கறாரு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்டது. கண்டிப்புக்குப் பேர்போன எங்கள் கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது மனுவேலிடம் கேட்டேன்: "தயார் பண்ணாமயே மேல ஏறிட்டீங்களா?"

"தயார் பண்ணுனனுங்க சார். நாலு பக்கம் எழுதி வெச்சிருந்தேன். அந்த வார்த்தையச் சொன்னதும் எல்லாம் போயிருச்சுங்க."

பொய் சொல்கிறவர் அல்ல. அதுதான் என்னை வாட்டியது. அந்த வார்த்தையை நான் ஐம்பது நிமிடத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஒரு முறைகூட நான் தடுமாறவில்லை. கடவுளைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்தது. மனுவேலுக்குக் கடவுளிடம் பயம் இருந்தது. அந்தப் பயத்தின் மேல் எனக்கு வந்த பொறாமை, பிறருடைய வீட்டின் மேலோ பதவியின் மேலோ ஒருபோதும் வந்ததில்லை.

சில ஆண்டுகள் கழித்துப் பாக்கியத்தின் குழந்தை இறந்தது. பாக்கியம் வாழவந்தியில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர். அவரும் கணவரும் புதிதாகச் சபைக்கு வந்தவர்கள். கிறிஸ்துமஸுக்கு ஞானஸ்நானம் என்று நாள் குறித்திருந்தோம். அதற்குள் பிறந்த ஒன்பதாம் நாளே குழந்தை போய்விட்டது. ஞானஸ்நானம் பெறாதவரைக் கல்லறைத் தோட்டத்தின் மதிலுக்குள் புதைப்பதில்லை என்பது நம் சபையின் பழைய விதி. கமிட்டி கூடியது. சிலர் தயங்கினார்கள். நான் எழுந்து, இது ஜெபித்துப் பரிசுத்தமாக்கிய மண், பிரித்து வைத்ததைப் பிரித்துத்தான் காக்க வேண்டும் என்று பேசினேன். பழைய பிரசங்கம் அப்படியே கைகொடுத்தது.

மனுவேல் ஒன்றே ஒன்று கேட்டார். "ஏனுங்க சார், அவ்வளவு பரிசுத்தமான மண்ணு, ஒம்பது நாள் கொழந்தையால கெட்டுப் போயிருங்களா?"

தலைவர் ஓட்டுக்கு விட்டார். கைதூக்கியபோது என் பக்கம்தான் அதிகம். குழந்தையை மதிலுக்கு வெளியே, சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே புதைத்தார்கள். குழியை வெட்டியது மனுவேல். நான் போகவில்லை.

மூன்றாம் நாள் அவர் கடிதம் வந்தது. பேரேடு எழுதும் அதே உருண்டைக் கையெழுத்து. "என் மனைவிக்குப் பக்கத்தில் எனக்கு ஒதுக்கிய இடத்தைச் சபைக்கே திருப்பித் தருகிறேன். நான் இறந்தால் பாக்கியத்தின் குழந்தைக்குப் பக்கத்தில் வைக்கவும். நம் ஆண்டவரையும் ஊருக்கு வெளியேதான் கொன்றார்கள். அவர் இருந்த பக்கம் இருக்க எனக்குக் கூச்சமில்லை."

கடிதத்தைக் கமிட்டியில் படிப்பது செயலாளரான என் கடமை. நான் படிக்கவில்லை. படித்தால் சபை முழுக்க அவரைத் தூக்கிவைத்துப் பேசும் என்று தெரியும். பரிசுத்தம் மதிலைத் தாண்டி வெளியே போகும் என்று நான் எந்த வகுப்பிலும் படிக்காததை அவர் நாலு வரியில் எழுதிவிட்டார் என்பதும் தெரியும். கடிதத்தை என் பிரசங்க நோட்டுக்குள் செருகி, பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஆண்டுகள் போயின. அவர் ஒரு முறையும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கேட்டது கடைசியில்தான். இருமல் முற்றி அவர் படுக்கையில் இருந்தபோது பார்க்கப் போனேன். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "சார், எனக்கு எடம் அங்கதானுங்களே?"

"ஆமாங்க."

"உங்க கையில குடுத்தது நல்லதாப் போச்சுங்க. வேற ஆளா இருந்தா ஊரெல்லாம் சொல்லிப் பெருமையாக்கியிருப்பாங்க. நீங்கதான் யாருக்கும் தெரியாமப் பத்திரமா வெச்சிருந்தீங்க."

என் பொறாமையை நற்குணம் என்று நினைத்துக்கொண்டு அவர் என் கையைப் பிடித்தார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். அதுவும் கோழைத்தனமா, இரக்கமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆகவேதான் அன்று குழியை மூடச் சொன்னேன். கடிதத்தை இத்தனை ஆண்டுகள் ஒளித்து வைத்தவன் நானே என்றும் அங்கேயே சொன்னேன். மனுவேல் கேட்ட இடத்தில் அவரை வைத்தோம்.

எல்லாரும் கலைந்த பிறகு பாக்கியம் மட்டும் நின்றிருந்தார். தலை நரைத்துவிட்டது. அவரிடம் போய், "உங்க கொழந்தைய வெளிய வெக்கச் சொல்லிப் பேசுனவன் நான்தானுங்க" என்றேன்.

"தெரியுமுங்க சார். உங்க மேல எனக்கு நொம்ப நாள் கோவம். ரைட்டரய்யாதான் சொல்லுவாரு, அந்த சாரு கடவுளுக்குப் பயந்த மனுசன், அந்தப் பயத்துலதான் அப்படிப் பேசிட்டாரு, மனசுல வெச்சுக்காதேம்மான்னு."

என்னிடம் இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்லி, மனுவேல் எனக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறார். தன்னுடையதை எடுத்து என் பெயரில் கொடுத்திருக்கிறார்.

மனுவேலைப் பற்றி நல்ல நினைவுகள் உங்கள் பலரிடம் இருக்கும். என்னிடம் மிஞ்சியிருப்பது அவர்மேல் எனக்குள்ள பொறாமைதான். அது இன்னும் ஆறவில்லை. முன்பெல்லாம் அதை எடுத்துவிடும்படி ஜெபிப்பேன். இப்போது, அவருக்குக் கொடுத்த பயத்தில் கொஞ்சம் எனக்கும் தரும்வரை இதை எடுத்துவிட வேண்டாம் என்று கேட்கிறேன்.