பூஜையில் இருந்த ஸ்பேனர்

அந்த நட்டு உண்மையிலேயே தளர்ந்துதான் இருந்ததா, இல்லை, பயத்தில் நான்தான் அதை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டேனா? ஆயுத பூஜை முடிந்து மாதங்கள் ஆகின்றன. இன்னும் எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டாம் வகுப்போடு விட்ட சைக்கிளை, மகளை மழலையர் பள்ளியில் சேர்த்தபோது மறுபடி எடுத்தேன். பின்னால் அவளுக்கு பெல்ட் வைத்த இருக்கை. வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பாத்து" என்று மட்டும் சொன்னார்கள், நாளைக்குப் பத்து முறை. கேஸை அணைத்தேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருகிறவள் நான். எனக்கு அந்த "பாத்து" தேவையே இல்லை.

மழைக்காலம் முடிவதற்குள் பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டன. தேவராஜ மொஹல்லாவில் ஒரு கடையில் கேட்டேன். கடைக்காரர் என் பின்னால் ஆம்பிளை யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு, கன்னடத்தில், "வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க மேடம், உங்க கையில எதுக்குக் கரி?" என்றார்.

"கட்டைய மட்டும் குடுங்க. கை என்னோடது" என்றேன். அப்படிப் பேசியது நான்தானா என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

ஆயுத பூஜை அன்று காலை, கைப்பேசியில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து மாட்டினேன். முதலில் கட்டைகள் மேலே ஏறி டயரில் உரசின. கழற்றினேன். அடுத்த முறை ஒன்று கோணல். மூன்றாம் முறைதான் ரிம்மில் சரியாக உட்கார்ந்தன. கடைசி நட்டை முடுக்கிக்கொண்டிருந்தபோது பால் தீயும் வாசனை வந்தது. ஓடினேன். அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால் கருவிகளைக் காணோம்.

மாமியார் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அரிவாள்மனைக்கும் கணவரின் லேப்டாப்புக்கும் நடுவில் பூஜைப் பலகையில் அடுக்கிவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

ஆனால் வண்டிகள் சும்மா இருக்கக் கூடாது. எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஒரு சுற்றுப் போய்வர வேண்டும். கார் போய் வந்தது. ஸ்கூட்டர் போய் வந்தது. பிறகு என் சைக்கிள். மாமியாரே குனிந்து சக்கரங்களின் அடியில் பழங்களை வைத்தார். மகளை உட்காரவைத்து பெல்ட் போட்டேன். அப்போதுதான் சந்தேகம் வந்தது: முன் சக்கரத்து இடது கட்டையின் நட்டை முழுவதும் முடுக்கினேனா? பால் நினைவில் இருந்தது. நட்டு இல்லை. எங்கள் தெருவோ ஒரே இறக்கம். அது போய் முடிவது நஞ்சன்கூடு பஸ்கள் போகும் சாலையில்.

"ஏங்க, அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேணும்."

"இப்பவா?" கணவர் பிரேக்கைப் பிடித்து வண்டியைத் தள்ளிப் பார்த்தார். "நிக்குதே. மெதுவா ஒரு ரவுண்டு போய்ட்டு வா."

"இங்க நிக்குது. கீழ போய் நிக்குமா?"

"சாமிகிட்ட வெச்சத எடுப்பாளாமா? நல்லாருக்கு" என்றார் மாமியார். "பயமா இருந்தா சைக்கிள உள்ள விடும்மா. உன்ன யாரு ஓட்டச் சொன்னா?"

"பேகா அம்மா, பேகா!" என்று பின்னாலிருந்து மகள் கத்தினாள். சீக்கிரமாம். அவசரம் என்றால் அவளுக்குக் கன்னடம்தான் வரும்.

உள்ளே விட்டிருக்கலாம். அதுதான் அடக்கமான மருமகள் செய்வது. இத்தனை வருடமும் நான் அதைத்தான் செய்திருக்கிறேன். ஆனால் இன்று உள்ளே விட்டால் நாளை "கடையில குடுத்துடு" என்பார்கள். அடுத்த வாரம் அதன் மேல் ஈரத்துணி காயும். மகளை ஆட்டோவில் அனுப்பிவிட்டு நான் வாசலில் நிற்பேன்.

"பழம் வெச்சாச்சு அத்தை. நான் போகத்தான் போறேன். முடுக்கிட்டுப் போறேன்."

பூஜை அறைக்குள் போனேன். கும்பிட்டேன். ஸ்பேனரை எடுத்தேன். சந்தனம் இன்னும் காயவில்லை. நட்டு கால் சுற்றுச் சுற்றியது. அன்று எனக்கிருந்த கோபத்துக்கு எந்த நட்டும் கால் சுற்றுச் சுற்றியிருக்கும்.

"லூசா இருந்துதா?" என்றார் மாமியார்.

"ஆமா அத்தை." வழக்கமாகச் சேர்க்கும் "போலிருக்கு"வைச் சேர்க்கவில்லை.

பழங்கள் நசுங்கின. இறக்கத்தின் முடிவில், ஒரு பஸ் கடக்கையில், பிரேக்கைப் பிடித்தேன். நின்றது. மகள் இன்னொரு சுற்று கேட்டாள். போனோம்.

ஸ்பேனரைத் திரும்ப வைத்தபோது அதிலிருந்த குங்குமம் என் விரல்களில் இருந்தது. மாமியார் புதிதாக ஒரு பொட்டு வைத்தார். "அடுத்த வருஷமாவது பாலப் பொங்க விடாத" என்றார். அவ்வளவுதான்.

இப்போது அந்த ஸ்பேனர் என் கைப்பையில்தான் இருக்கிறது. தினமும் மகளை ஏற்றும் முன் நான்கு நட்டுகளையும் தொட்டுப் பார்க்கிறேன். போன வாரம் ஒன்று மறுபடி லேசாகச் சுற்றியது. ரொம்ப முடுக்கினால் மரை போய்விடும் என்கிறார்கள். அதனால் கேட்கிறேன்: சொந்தமாகச் சைக்கிள் பழுது பார்க்கிறவர்களே, போதும் என்பது கைக்கு எப்படித் தெரியும்? எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்த்தால் சரி? தெரிந்தவர்கள் எழுதுங்கள். கடையில் கொடுத்துவிடு என்று மட்டும் எழுத வேண்டாம். அதைச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது.